எல்லா செக்கும் ஒரே ராஜாவின் வாரிசுதான்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பேங்க் செக்குக்கும் 'செக் பண்ணு' என்கிறோமே, அந்தச் செக்குக்கும் ஏதாவது சம்பந்தம் உண்டா என்று ஒரு வாசகர் சென்ற இதழ் கேள்வி-பதிலில் கேட்டிருந்தார். "ஆங்கில எழுத்துக்கூட்டலே வேறு, வேரும் வேறு, ஒலி மட்டும் தற்செயலாக ஒத்துப்போகிறது" என்று இரண்டே வரியில் முடித்துவிட்டீர்கள். கேள்வி நல்ல கேள்வி, பதில்தான் தப்பு. அப்படித் தற்செயலாக ஒத்துப்போகும் சொற்கள் ஆங்கிலத்தில் இல்லாமல் இல்லை. கிரிக்கெட் பேட்டும் வௌவாலைச் சொல்லும் பேட்டும் எழுத்தில்கூட ஒன்றுதான், ஆனால் பிறந்த வீடு வேறு. செக் அந்த ரகம் கிடையாது. பேங்க் செக், செக் போஸ்ட், சட்டைத் துணியில் வருகிற செக், செஸ் ஆட்டத்தில் சொல்கிற செக், எல்லாமே ஒரே சொல். பாரசீகத்து 'ஷா', அதாவது ராஜா.

சதுரங்கம் இங்கிருந்து பாரசீகத்துக்குப் போய் 'சத்ரங்' ஆனது, அரபியர் கையில் 'ஷத்ரஞ்ச்' ஆனது, அப்புறம் ஐரோப்பா போய்ச் சேர்ந்தது. ஆட்டத்தில் ராஜாவுக்கு ஆபத்து வந்தால் 'ஷா' என்று எதிராளியை எச்சரிப்பார்கள். அந்த ஷா லத்தீனில் உருமாறி, பழைய பிரெஞ்சில் 'எஸ்செக்' ஆகி, ஆங்கிலத்துக்கு வந்தபோது முன்னெழுத்தை உதிர்த்துவிட்டு 'செக்' என்று நின்றது. அதன் பன்மையிலிருந்து வந்ததுதான் 'செஸ்' என்ற பெயரே. செக் சொல்லிவிட்டால் எதிராளி போட்டு வைத்த கணக்கையெல்லாம் மூட்டை கட்டிவிட்டு ராஜாவைக் காப்பாற்றத்தான் ஓட வேண்டும், இல்லையா? அதனால் தடுப்பது, அடக்குவது என்ற பொருள் வந்தது, பின்னால் சரியா தப்பா என்று பார்ப்பதும் சேர்ந்துகொண்டது. நம் பத்திரிகைகள் 'கூட்டணிக் கட்சிக்குச் செக் வைத்தார்' என்று தலைப்புப் போடுகின்றனவே, அது சுத்தமான பழைய பொருள். இன்றைய ஆங்கிலத்தைவிடத் தமிழ்ப் பத்திரிகைகளில்தான் அது உயிரோடு இருக்கிறதோ என்று எனக்கு ஒரு சந்தேகம்.

சரி, இதில் பணம் எங்கே வந்தது? பிரிட்டன் நிதி அமைச்சரை இன்றும் 'சான்சலர் ஆஃப் தி எக்ஸ்செக்கர்' என்கிறார்கள். எக்ஸ்செக்கர் என்றால் செஸ் பலகை. விளையாட்டாகச் சொல்லவில்லை. 12ஆம் நூற்றாண்டில் முதலாம் ஹென்றி காலத்திலிருந்து, மாவட்ட வரியை வசூலித்த ஷெரீஃபுகள் ஆண்டுக்கு இரண்டு தடவை, ஈஸ்டரிலும் செப்டம்பர் கடைசியில் வரும் மைக்கேல்மஸிலும், அரசனின் அதிகாரிகள் முன்னால் வந்து கணக்கு ஒப்பிக்க வேண்டும். அதற்கென்று 10 அடி நீளம், 5 அடி அகலத்தில் ஒரு மேஜை, மேலே வைத்தது உருண்டு கீழே விழாமலிருக்க நான்கு விரற்கடை உயரத்துக்கு விளிம்பு, அதன்மேல் கோடு போட்ட கறுப்புத் துணி. பென்னிக்கு ஒரு பத்தி, ஷில்லிங்குக்கு ஒன்று, பவுண்டுக்கு ஒன்று என்று பிரித்து வட்டக் காய்களை வைப்பார்கள், எடுப்பார்கள். ரோமன் எண்களை வைத்துக்கொண்டு யாரால் கழித்தல் கணக்குப் போட முடியும்? எழுதப் படிக்கத் தெரியாத ஷெரீஃபுக்கும் கட்டத்தில் காய் குறைந்தால் கண்ணால் தெரிந்துவிடும். அங்கே பொருளாளராக இருந்த ரிச்சர்ட் ஃபிட்ஸ்நீல் 1170களின் கடைசியில் இந்த நடைமுறையை உரையாடலாகவே எழுதி வைத்திருக்கிறார். பெயர் ஏன் வந்தது என்பதற்கு அவர் சொல்வது, பலகை செஸ் பலகை மாதிரி இருக்கிறது, போதாததற்கு இங்கேயும் ஒரு சண்டை நடக்கிறது, பொருளாளருக்கும் கணக்குக் காட்ட வந்த ஷெரீஃபுக்கும். வரி அலுவலகத்தில் ஃபைலோடு உட்கார்ந்து பதில் சொன்னவர்களுக்கு இது புரியும்.

பேங்க் செக்குக்கு வருகிறேன். 18ஆம் நூற்றாண்டு இங்கிலாந்தில் 'செக்' என்பது முதலில் நாம் நீட்டுகிற தாளே அல்ல, நம் கையில் தங்குகிற அடிக்கட்டை. கள்ளத்தனம் நடந்தால் ஒப்பிட்டுச் சரிபார்ப்பதற்கான துண்டு, ஆகவே 'செக்'. போகப்போகக் கிழித்துக் கொடுக்கிற தாளுக்கே அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. முடிவில் க்யூ, யூ, இ என்று வால் முளைத்ததற்குக் காரணம் எக்ஸ்செக்கரின் செல்வாக்கு. அதாவது வேறு வேர் என்பதற்கு நீங்கள் ஆதாரமாகக் காட்டிய அந்த எழுத்துக்கூட்டலே உறவுக்குத்தான் சாட்சி. அமெரிக்காவில் அந்த வாலும் இல்லை. அங்கே பேங்க் செக்கையும் சரிபார்க்கிற செக்கையும் ஒரே மாதிரிதான் எழுதுகிறார்கள், ஹோட்டலில் சாப்பிட்டு முடித்தால் வருகிற பில்லும் செக்தான்.

துணியைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை, செஸ் பலகை மாதிரி கட்டம், அவ்வளவுதான். நம் பக்கத்துக் கைத்தறியில் நெய்து கப்பலேறிய கட்டம் போட்ட பருத்தித் துணிக்கு வெளிநாட்டில் 'மெட்ராஸ்' என்றே பெயர், அமெரிக்காவில் 'மெட்ராஸ் சட்டை' என்றால் இன்றும் அதுதான். சதுரங்கம் கொடுத்த சொல்லை நம் லுங்கித் துணியும் சுமந்துகொண்டு போயிருக்கிறது என்பதில் எனக்குக் கொஞ்சம் பெருமைதான்.

கேள்வி கேட்ட வாசகருக்காக அடுத்த இதழில் ஒரு வரியாவது திருத்தம் போட்டுவிடுங்கள். பேங்க் 'கவுண்டர்' எங்கிருந்து வந்தது என்று அடுத்து யாராவது கேட்கக்கூடும். எண்ணுகிற காய்க்கும் கவுண்டர், அதை வைத்து எண்ணுகிற மேஜைக்கும் கவுண்டர், இப்போதே சொல்லி வைக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற வங்கி ஊழியர்,
கும்பகோணம்