புது ஷூவைப் பெட்டியிலேயே வைத்திருக்காதே, வசந்தா

மதுரை,
பிப்ரவரி 11

அன்புள்ள வசந்தா,

இங்கு அனைவரும் நலம். பேரனுக்கு மொட்டை போட்ட படம் வந்து சேர்ந்தது. அந்த முன்நெற்றி அப்படியே உன் அப்பாவுடையது. பத்து மாதங்களாக ஒரு வரிகூட எழுதவில்லை என்று நீ என்னைத் திட்டி அனுப்பியதை முழுவதும் படித்தேன். அதில் ஒரு சொல்லையும் நான் மறுக்கப் போவதில்லை. மௌனத்துக்கு ஒரு காரணம் இருந்தது. இந்தக் கடிதத்தில் அதையும் சொல்லிவிடுகிறேன்.

ஏப்ரல் மூன்றாம் வாரத்தில் நீயும் அண்ணனும் ரோம், ஃபுளோரன்ஸ், வெனிஸ், பாரிஸ் என்று 14 நாட்களுக்குக் கிளம்புகிறீர்கள் என்று அறிந்து எனக்கு அத்தனை மகிழ்ச்சி. சென்ற வருடம் இதே மாதத்தில் நாங்கள் போய் வந்த அதே வழி. ஆனால் நீ கடைசியில் போகிற போக்கில் எழுதியிருந்த இரண்டு வரிகள் என்னை இரண்டு இரவுகளாகத் தூங்க விடவில்லை. எட்டுப் புடவைகள் எடுத்து வைத்துவிட்டாய் என்கிறாய். வெள்ளை ஷூ ஒன்று வாங்கி, அழுக்காகிவிடக் கூடாதென்று பெட்டியைக்கூடப் பிரிக்காமல் பீரோவுக்குள் வைத்திருப்பதாகவும், விமான நிலையம் போகிற அன்றுதான் காலில் போடப் போவதாகவும் எழுதியிருக்கிறாய். புடவையைப் பற்றிப் பிறகு பேசலாம். அந்த ஷூவை இன்று மாலையே வெளியில் எடு.

எங்கள் பெரியக்காவும் இதைத்தான் செய்தாள். கிளம்புவதற்கு நான்கு நாட்களுக்கு முன்பு, இங்கே ஒரு கடையில், காலை பத்து மணிக்கு வாங்கிய ஷூ அது. முன்பக்கம் சற்று இறுக்கமாக இருக்கிறதே என்று அவள் கேட்டதற்கு, போடப் போட இளகிவிடும் என்று கடைக்காரர் சொல்ல, அவளும் நம்பினாள். ரோமில் முதல் நாள் மட்டும் 19,000 தப்படிகள் நடந்தோம் என்று மகளின் கைக்கடிகாரம் காட்டியது. எனக்கு முழங்காலும் குதிகாலும் தெறித்தன. அக்காவோ, எனக்கு ஒன்றுமே தெரியவில்லை, நன்றாக இருக்கிறேன் என்றாள். நாங்கள் அவளை மெச்சிக்கொண்டோம். ஐந்தாம் நாள் வெனிஸில் இரவு அவள் சாக்ஸைக் கழற்றியபோது அது இடக்காலின் சுண்டுவிரலோடு ஒட்டிக்கொண்டு வந்தது; அந்தக் கறுப்பு சாக்ஸை விளக்கடியில் பிடித்த பிறகுதான் அதில் இருந்தது வியர்வை அல்ல, உலர்ந்த இரத்தம் என்று தெரிந்தது. கொப்புளம் எப்போது வந்தது, எப்போது உடைந்தது என்பது அவளுக்கே தெரியாது. 18 வருடச் சர்க்கரை, பாதத்தின் நரம்புகளை அப்படி மரத்துப்போகச் செய்திருந்தது. வலித்திருந்தால் அன்றைக்கே உட்கார்ந்திருப்பாள், வசந்தா.

ஊர் திரும்பியபின் புண் உள்ளே இறங்கிவிட்டது. மூன்று மாதங்கள் ஒருநாள் விட்டு ஒருநாள் கட்டு மாற்றினோம். ஆகஸ்டில் அந்த விரலை எடுத்துவிட்டார்கள். இப்போது நன்றாக நடக்கிறாள், கோயிலுக்கும் போய் வருகிறாள். யாரிடமும் சொல்ல வேண்டாம் என்று அவள் என்னிடம் கேட்டுக்கொண்டதால்தான் உனக்குக்கூட எழுதவில்லை. அதை மறைத்துக்கொண்டு வேறு எதையாவது எழுத எனக்குக் கை வரவும் இல்லை. உன் பயணச் செய்தியைக் காட்டியபோது அவளே, வசந்தாவுக்கு எல்லாவற்றையும் எழுதிவிடு என்றாள். உனக்கும் 12 வருடமாகச் சர்க்கரை இருக்கிறது. அதனால்தான் இத்தனை நீளமாக எழுதுகிறேன், பொறுமையாகப் படி.

முதலில் உன் மருத்துவரிடம் போய்ப் பாதத்தைக் காட்டு. நைலான் இழை ஒன்றால் உள்ளங்காலில் அங்கங்கே தொட்டு, உணர்வு இருக்கிறதா என்று பார்ப்பார்கள். ஐந்து நிமிட வேலை. உணர்வு குறைந்திருக்கிறது என்று சொன்னால், உள்ளே எம்.சி.ஆர். என்னும் மிருதுவான ரப்பர் மெத்தை வைத்த ஷூ வேண்டுமா என்பதை அவர்களே சொல்வார்கள். எம்.சி.ஆர். என்றதும் நம் பெரிய மருத்துவமனைகளின் வாசலில் விற்கும் அந்தக் கறுப்புச் செருப்பை நினைத்து முகத்தைச் சுளிக்காதே. அந்த ரப்பர் மெத்தையை ஷூவுக்குள் வைத்துவிட்டால் வெளியில் தெரியாது.

ஷூ வாங்குவதாக இருந்தால் மாலையில் போ. நாள் முழுவதும் நடமாடிய பிறகு பாதம் சற்று வீங்கியிருக்கும். ஐரோப்பாவில் பிற்பகல் மூன்று மணிக்கு உன் கால் இருக்கப்போகும் அளவு அதுதான். போடப்போகும் சாக்ஸையே அணிந்துகொண்டு நின்று பார். நீளமான விரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருக்க வேண்டும், விரல்கள் ஒன்றன்மேல் ஒன்று ஏறாமல் விரிந்து கிடக்க வேண்டும். அடிப்பகுதி கையால் வளைத்தால் விரல் மடங்கும் இடத்தில் மட்டும் வளைய வேண்டும். நடுவில் துணிபோல் மடங்கும் ஷூ கற்தரைக்கு உதவாது. வீட்டுக்குள் முதல் நாள் ஒரு மணி நேரம் போட்டுவிட்டு, கழற்றி, எங்கேயாவது சிவந்திருக்கிறதா என்று பார். அப்படியே நாள்தோறும் சிறிது சிறிதாகக் கூட்டிக்கொண்டு போ. கிளம்புவதற்குள் அது உன் காலுக்குப் பழகி, கொஞ்சம் அழுக்காகியும் இருக்க வேண்டும். உனக்கு இன்னும் இரண்டு மாதங்கள் இருக்கின்றன. அக்காவுக்கு நான்கு நாட்கள்தான் இருந்தன.

நீ நாள்தோறும் ரேஸ்கோர்ஸ் நடைபாதையில் நடக்கிறாய், எனக்கும் தெரியும். ஆனால் அந்தச் சமதளமும் ரோமின் தெருக்களும் ஒன்றல்ல. அங்கே பழைய தெருக்களில் கறுப்பு எரிமலைக் கற்களை உள்ளங்கையளவு கட்டிகளாக வெட்டிப் பதித்திருக்கிறார்கள், சாம்பியெத்ரீனி என்பார்கள். ஒவ்வொரு கல்லின் தலையும் வண்டிச் சக்கரங்களால் தேய்ந்து வழுக்கலாகியிருக்கும். கல்லுக்கும் கல்லுக்கும் இடையே குதிகால் உயர்ந்த செருப்பின் நுனி மாட்டிக்கொள்ளும் அளவுக்கு இடைவெளி இருக்கும். ஒரு தூறல் விழுந்தால் தெரு முழுவதும் எண்ணெய் பூசியதுபோலப் பளபளக்கும். அந்தக் கல்லில் நடக்கும்போது கணுக்கால் ஒவ்வோர் அடிக்கும் ஒரு பக்கம் சாய்ந்து நிமிர்கிறது; அந்தச் சின்னச் சின்ன அசைவுகள் சேர்ந்துதான் விரல் ஓரத்தை உரசிப் புண்ணாக்குகின்றன. வெனிஸில் காரோ ஆட்டோவோ கிடையாது. 400க்கும் மேற்பட்ட பாலங்கள், அவற்றில் பெரும்பாலானவற்றில் ஏறுபடி, இறங்குபடி. ஃபுளோரன்ஸ் பேராலயத்தின் குவிமாடத்துக்கு 463 படிகள், மின்தூக்கி கிடையாது. ரோம் நகருக்குள் இருக்கும் வாடிகனில் புனித பேதுரு பேராலயத்தின் உச்சிக்கு மொத்தம் 551 படிகள். மின்தூக்கியில் பாதி வழி போனாலும் 320 படிகள் ஏறியே ஆக வேண்டும். உட்காரலாம் என்று நினைத்தால், ரோமின் புகழ்பெற்ற ஸ்பானிஷ் படிக்கட்டில் 2019 முதல் உட்காரவே தடை, அபராதம் போடுகிறார்கள். கிளம்பினால் விடுதிக்குத் திரும்பும்வரை பாரத்தைத் தாங்கப் போவது அந்த ஷூ ஒன்றுதான்.

சாக்ஸ் கறுப்பில் வேண்டாம், வெள்ளையோ வெளிர் நிறமோ வாங்கு. ஒரு துளி இரத்தம் பட்டாலும் கண்ணுக்குத் தெரிய வேண்டும். விரல் நுனியில் தடித்த தையல் இல்லாததாகப் பார். முழுப் பருத்தி சாக்ஸ் வியர்வையைக் குடித்து ஈரமாகவே கிடந்து தோலை உரசும். மெல்லிய மெரினோ கம்பளி கலந்தது அப்படிச் செய்யாது. கம்பளி என்றதும் சூடு என்று பயப்படாதே, நானே 14 நாட்கள் போட்டுப் பார்த்தேன். ஷூ போடுவதற்கு முன் உள்ளே கையை விட்டுத் துழாவிப் பார்ப்பதும், இரவில் அண்ணனை விட்டு உள்ளங்காலை விளக்கில் பார்க்கச் சொல்வதும் விட்டுப்போகக் கூடாது. அறைக்குள்ளும் வெறுங்காலோடு நடக்காதே. கால் வலிக்கிறதென்று சுடுநீரில் வைக்கவும் வைக்காதே, சூடு தெரியாமல் வெந்துவிடும்.

இனிப் புடவை. குற்றாலத்தில் பட்டுப்புடவையோடு நின்றவளிடம் இதைச் சொல்லி ஜெயிக்க முடியுமா என்று எனக்குச் சந்தேகம்தான். இருந்தாலும் சொல்கிறேன்: எட்டு வேண்டாம், ஒன்று போதும். நானும் ஒன்று கொண்டு போனேன், பாரிஸில் கடைசி மாலை, செய்ன் நதியில் படகில் போனபோது கட்டிக்கொண்டேன். அருகில் இருந்த ஒரு மூதாட்டி கையால் தடவிப் பார்த்து மகிழ்ந்தார். உட்கார்ந்தே பார்க்கும் அந்த ஒரு மாலைக்கு அது பொருத்தம். ஆனால் பாரிஸ் மெட்ரோவின் பல நிலையங்களில் மின்தூக்கி இல்லை. ஈரக் காலடிகள் மிதித்த படிகளில் ஒரு கையில் பை, மறு கையில் கொசுவம் என்று ஏறி இறங்கும்போது கைப்பிடியைப் பிடிக்க மூன்றாவது கை இருக்காது. உள்பாவாடையின் ஓரம் நனைந்துவிட்டால் அந்தக் குளிரில் நாள் முழுவதும் காலில் ஒட்டிக்கொண்டே இருக்கும்.

சுடிதாரே போதும், வசந்தா. முழங்காலுக்குக் கீழே இறங்கும் குர்தா, கணுக்காலோடு நிற்கும் நேர் பேன்ட். தரையில் புரளும் பலாஸோ வேண்டாம். இரண்டு பேன்ட்டுகள், இரண்டுக்கும் பொருந்தும் ஐந்து மேல்துணிகள், அவ்வளவுதான். பெட்டியைப் பாலத்துக்குப் பாலம் தூக்கப் போவது அண்ணனின் தோள்பட்டை என்பதை நினைத்துக்கொள். துப்பட்டாவை மட்டும் விட்டுவிடாதே. அங்குள்ள பெரிய தேவாலயங்களில் தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். புனித பேதுரு வாசலில் கையில்லாச் சட்டையோடு வந்த ஒரு பெண்ணைத் திருப்பி அனுப்பியதைக் கண்ணால் பார்த்தேன். நம் கோயில்போலச் செருப்பைக் கழற்றச் சொல்வதில்லை. குளிர்ந்த கல்தரை, அதுவும் நல்லதற்கே. அண்ணனிடமும் அரைக்கால் சட்டை வேண்டாமென்று சொல். துப்பட்டா அங்கே கழுத்துக்குக் கம்பளியாகவும், ரயிலில் தலையணையாகவும், காற்றடித்தால் காதுக்குக் கவசமாகவும் எனக்கு உதவியது.

குளிர்தான் நீ தவறாகக் கணக்குப் போட்டிருக்கும் இன்னொரு விஷயம். ஏப்ரலில் பாரிஸில் பகலில் 15 டிகிரியைச் சுற்றியும் விடியற்காலையில் 6, 7 டிகிரியும் இருக்கும். ரோம் இன்னும் சற்று இதமாக இருக்கும். ஊட்டியில் வாங்கிய அந்தத் தடித்த ஸ்வெட்டர் ஒன்றே போதும் என்று நினைக்கிறாய். தெருவில் குளிரும், மெட்ரோவுக்குள் புழுங்கும், அருங்காட்சியகத்துக்குள் கதகதப்பாக இருக்கும், வெளியே வந்தால் மழை தூறும். ஒரே நாளில் பத்து முறை கழற்றி மாட்ட வேண்டும். ஆகவே மெல்லியதாக மூன்று: உடலை ஒட்டி ஒரு தெர்மல் பனியன், அதன்மேல் குர்தா, அதற்கும் மேல் முன்னால் பொத்தான் வைத்த மெல்லிய ஸ்வெட்டர். தலைவழியே கழற்றும் ஸ்வெட்டர் வேண்டாம். கூட்டத்தில் நின்று கழற்றினால் கண்ணாடியும் தோடும் சேர்ந்து வரும். இவற்றுக்கு மேலே, காற்றும் மழையும் உள்ளே வராத, தொப்பி வைத்த வின்ட்சீட்டர் ஒன்று. அந்தக் காற்றில் குடை நிற்பதில்லை.

ஜீன்ஸோ தடித்த பருத்தியோ எடுத்துக்கொண்டு போனால் துவைக்க முடியாது. என் கதர் குர்தா ஃபுளோரன்ஸில் இரண்டு இரவுகள் தொங்கியும் காயாமல், ஈரத்தோடே பிளாஸ்டிக் பையில் கட்டி வெனிஸுக்குக் கொண்டு போனேன். பாலியஸ்டர் கலந்த துணி என்றால், பிழிந்து, விடுதித் துண்டுக்குள் வைத்து பாய்போல் சுருட்டி, மேலே ஏறி நன்றாக மிதித்துவிட்டுத் தொங்கவிட்டால் காலையில் காய்ந்திருக்கும். உன் தையற்காரரிடம் சொல்லி, இரண்டு பேன்ட்டுகளின் இடுப்பு உள்பக்கத்திலும் ஜிப் வைத்த பை ஒன்று தைத்துக்கொள். உங்கள் ஆச்சியின் சுருக்குப்பை இருந்த அதே இடத்தில். பாஸ்போர்ட்டும் பணமும் அங்கே இருக்கட்டும். மெட்ரோ நெரிசலில் தோள்பையைத் திறப்பது பிக்பாக்கெட்காரர்களுக்கு ஒரு நொடி வேலை.

இன்று மாலை ஆறு மணிக்குமேல் ஒரு வெள்ளைத் தாளில் நின்று, இரண்டு பாதங்களையும் பென்சிலால் சுற்றி வரைந்து, வெட்டியெடுத்து, அந்த வெள்ளை ஷூவுக்குள் விரித்து வைத்துப் பார். தாளின் ஓரம் எங்கேயாவது மடங்கினால் அந்த ஷூவை உன் மருமகளுக்குக் கொடுத்துவிடு. எதுவானாலும் எனக்குப் படம் எடுத்து அனுப்பு.

என் நீல வின்ட்சீட்டரை நாளை கூரியரில் அனுப்புகிறேன், புதிதாக வாங்காதே. நம் இருவருக்கும் ஒரே அளவுதான். வலப்பக்கப் பையில் வெனிஸ் படகுச் சீட்டு ஒன்று கிடக்கும். அக்காவுடையது. எறிந்துவிடாமல் அப்படியே திருப்பிக் கொண்டுவா, அவள் கேட்டிருக்கிறாள்.

அன்புடன்,
லலிதா