முனியப்பன் கோயில் காடு திருத்தும் பணி: குடிப்பாட்டு மக்களுக்குத் திருப்பணிக் குழுவின் நிறைவு அறிக்கை

குலதெய்வம் முனியப்ப சுவாமியின் குடிப்பாட்டு மக்கள் அனைவருக்கும் வணக்கம்.

சேர்வராயன் மலை அடிவாரத்தில் நம் கோயிலைச் சுற்றியுள்ள பட்டா நிலத்தில் மண்டிக்கிடந்த உண்ணிச்செடியையும் சீமைக்கருவேலத்தையும் அகற்றி, சுற்றுப்பாதையையும் கல்குளத்தின் வரத்து ஓடையையும் திறந்துவிடும் பணி நிறைவடைந்தது. வரவு செலவுக் கணக்கு தலைக்கட்டு வாரியாக அச்சிடப்பட்டு மடப்பள்ளிச் சுவரில் ஒட்டப்பட்டிருக்கிறது. வெளியூர்ப் பங்காளிகளுக்குத் தபாலில் வந்து சேரும். அதை இங்கே திரும்பச் சொல்லப்போவதில்லை. பணி நடந்தபோதும் முடிந்த பிறகும் பலர் கேட்ட ஒரு கேள்விக்கு மட்டும் விரிவாகப் பதில் சொல்ல வேண்டியிருக்கிறது: "ஊரெல்லாம் ஜேசிபி வாடகைக்குக் கிடைக்கும்போது, யாரும் பார்த்திராத ஒரு இயந்திரத்துக்குக் கோயில் பணத்தை ஏன் கொடுத்தீர்கள்?"

நம் நிலம் மேற்கே உயர்ந்து கிழக்கே குளத்தை நோக்கிச் சரிகிறது. அடியில் சார்னோகைட் என்ற கடினமான பாறை. அதன்மேல் பல இடங்களில் முழ ஆழத்துக்குக்கூட மண் இல்லை. ஜேசிபி வாளி புதரை வேரோடு பெயர்க்கும்போது அந்த மண்ணையும் சேர்த்துத்தான் பெயர்க்கும். ஐப்பசி, கார்த்திகை மழையில் அது ஓடைவழியே குளத்தில் இறங்கிவிடும். குளத்துக்குத் தண்ணீர் வர வழிசெய்கிறோம் என்று சொல்லி அதே குளத்தைத் தூர்ப்பதில் பொருளில்லை.

தீ வைத்துவிடலாம் என்று பெரியவர்கள் சிலர் சொன்னார்கள். அவர்கள் காலத்தில் அப்படித்தான் செய்திருக்கிறார்கள். ஆனால் மேல் எல்லையில் வனத்துறையின் எல்லைக்கல் நிற்கிறது. மாசி பங்குனிக் காற்றில் தீ அந்தக் கல்லோடு நின்றுவிடாது. அப்படியே நின்றாலும் உண்ணிச்செடி தீயில் சாவதில்லை. மேலே கருகி, அடித்தூரிலிருந்து மறுபடி துளிர்க்கும். வெயில் விழும் வெற்றுத்தரையில் அதன் விதையும் சேர்ந்து முளைக்கும். கொடுவாளோடு ஆள் இறக்கலாம் என்றால், முள்புதருக்குள் நாள் முழுக்க நிற்க இப்போது ஆள் கிடைப்பதில்லை. வெட்டிப்போடும் குவியலும் ஒரு தீக்குவியல்தான்.

ஆகவே, நின்ற நிலையிலேயே புதரை அரைத்துச் சில்லுகளாக்கி அதே இடத்தில் பரப்பிவிடும் மல்ச்சர் முறையைக் குழு தேர்ந்தெடுத்தது. வேர் மண்ணிலேயே இருந்து மண்ணைப் பிடித்துக்கொள்ளும். மேலே விழும் சில்லு மழைத்துளியின் அடியைத் தாங்கும், ஈரத்தையும் காக்கும்.

வண்டி நம் பங்காளி ஒருவருடையது. இரும்புச் செயினுக்குப் பதில் ரப்பர் செயினில் ஓடும் சிறிய லோடர். எந்தக் கம்பெனி வண்டியாக இருந்தாலும் ஊரில் இதைப் பாப்கேட் என்றே சொல்கிறார்கள். டீசலும் ஓட்டுநர் கூலியும் மட்டும் வாங்கிக்கொண்டு கொடுத்தார். உறவினர் வண்டி என்று நாளை யாரும் பேசக்கூடாது என்பதால், தொகை முடிவான கூட்டத்தில் அவர் உட்காரவில்லை; வெளியாரின் விலைப்புள்ளிகளும் கணக்கோடு இணைக்கப்பட்டுள்ளன. டயர் வண்டியை விட்டுச் செயின் வண்டியை எடுத்ததற்குக் காரணம் சீமைக்கருவேல முள். அந்த முள் ஏறாத டயர் இல்லை. செயினில் எடை பரவி இறங்குவதால் மண்ணும் அதிகம் அமுங்காது.

வண்டி கையில் இருந்தது. முன்னால் மாட்டும் மல்ச்சர் தலையைத்தான் வாடகைக்குத் தேர்ந்தெடுக்க வேண்டியிருந்தது. குழு அதிக நேரம் பேசியதும், குரல் உயர்ந்ததும் இதில்தான்.

வண்டியின் தகட்டில் இஞ்சின் 74 குதிரைத்திறன் என்று இருக்கிறது. அந்த எண்ணைப் பார்த்துத் தலையை எடுத்தால் ஏமாந்துபோவோம். மல்ச்சரைச் சுழற்றுவது பம்பு அனுப்பும் ஹைட்ராலிக் எண்ணெய். நிமிடத்துக்கு எத்தனை லிட்டர், எத்தனை பார் அழுத்தம் என்ற இரண்டையும் பெருக்கி 600-ஆல் வகுத்தால் தலைக்குப் போய்ச்சேரும் கிலோவாட் கிடைக்கும். நம் வண்டியின் சாதாரண இணைப்பு 75 லிட்டர், 210 பார்: ஏறக்குறைய 26 கிலோவாட், அதாவது 35 குதிரைத்திறன். பள்ளம் தோண்டும் துளைக்கருவிக்கு அது தாராளம். கருவேலத் தண்டுக்குப் போதாது. அதிக ஓட்டம் தரும் இன்னொரு இணைப்பும் வண்டியில் இருந்தது. அதில் 115 லிட்டர் வரும். அதே அழுத்தத்தில் 40 கிலோவாட், 54 குதிரைத்திறன். இந்த இரண்டாவது எண்ணைக் கையில் வைத்துக்கொண்டுதான் வாடகைக்காரர்களிடம் பேசினோம். "எந்த வண்டியிலும் மாட்டலாம்" என்று சொன்னவர்களிடம் குறைந்தது எத்தனை லிட்டர் வேண்டும் என்று கேட்டதும் சிலர் பேச்சை மாற்றினார்கள். அவர்களை அத்தோடு விட்டுவிட்டோம்.

இந்தக் கணக்குதான் தலையின் அகலத்தையும் முடிவுசெய்தது. ஆறடி அகலத் தலை எடுத்தால் வேலை விரைவில் முடியும் என்றார் ஒருவர். இருக்கிற சக்தி ஆறடிக்கும் பங்காகும்போது ஒவ்வொரு பல்லுக்கும் கிடைப்பது குறைந்துபோகும். ரொம்பவும் குறுகலாக எடுத்தால் செயின் வெட்டாத கட்டைமேல் ஏறும், ரப்பர் கிழியும். இரண்டு செயின்களையும் மூடுகிற அகலம் போதும், அதற்குமேல் ஓர் அங்குலமும் வேண்டாம் என்று முடிவானது.

அடுத்தது டிஸ்க்கா, டிரம்மா என்பது. டிஸ்க் என்பது கனமான சக்கரம் ஒன்று படுத்தவாக்கில் சுழல்வது. சுழற்சியின் வேகத்தைத் தன் எடையில் சேமித்துவைப்பதால் தடித்த தண்டையும் ஒரே வீச்சில் அறுத்துத் தள்ளும், வேலை வேகம். இளைஞர்கள் எல்லோரும் இதன் பக்கம் நின்றார்கள். ஆனால் அறுத்ததை அது எங்கே எறியும் என்பது யார் கையிலும் இல்லை. டிரம் என்பது பற்கள் பதித்த உருளை. மூடிக்கு அடியில் சுழல்வதால் சில்லுகள் பெரும்பாலும் வண்டியின் அடியிலேயே விழும், தரையில் கிடப்பதையும் திரும்ப அரைத்துப் பொடியாக்கலாம், வேகம் குறைவு. நம் சுற்றுப்பாதையின் ஓரத்தில் முனியப்பனும் காவல் தெய்வங்களும் சுதை வேலையில் ஓங்கி உட்கார்ந்திருக்கிறார்கள். பறந்துவரும் ஒரு கட்டை போதும், சுவாமியின் மீசை போய்விடும். டிரம் என்றே தீர்மானித்தோம். உருளையைச் சுழற்றும் மோட்டார் பிஸ்டன் வகையாக இருக்க வேண்டும் என்ற நிபந்தனையும் வைத்தோம். கியர் மோட்டாரில் உருளை கட்டையில் சிக்கி நின்றால் மறுபடி வேகம் பிடிக்க நேரமாகும். சுமைக்குத் தக்கபடி தன்னை மாற்றிக்கொள்ளும் பிஸ்டன் மோட்டார் வேகத்தைக் குறைத்து முறுக்கைக் கூட்டி இழுத்துக்கொண்டு போகும்.

பல்லில் வந்த வாதம் வேறு மாதிரி. கத்திபோல் தீட்டிய எஃகுப் பற்கள் சுத்தமாக வெட்டும், சில்லு சன்னமாக விழும், சக்தியும் குறைவாகக் கேட்கும். மண் நிலமாக இருந்தால் அவற்றைத்தான் எடுத்திருக்க வேண்டும். நம் நிலத்தில் உண்ணிச்செடிக்கு அடியில் இருப்பதெல்லாம் கல். கத்திப் பல் கல்லில் ஒருமுறை பட்டால் முனை மழுங்கும். அன்றைக்கே தீட்ட வேண்டும். கார்பைடு என்ற மிகக் கடினமான பொருளில் முனை வைத்த பல் வெட்டுவதைவிட உடைத்துப் பிய்ப்பதுதான் அதிகம். அடிக்கட்டை நார்நாராகக் கிழிந்து அழகில்லாமல் நிற்கும். "இதற்கா இவ்வளவு காசு" என்று சிலர் அந்தக் கட்டைகளைப் பார்த்துத்தான் கேட்டார்கள். ஆனால் கல்லைத் தாங்கியது அதுதான். ஒவ்வொரு பல்லும் தனித்தனி போல்ட்டில் நிற்கிறது. உடைந்ததைக் களத்திலேயே கழற்றி மாற்றினார்கள்.

எண்ணெய் தலைக்குப் போகவும் திரும்பவும் உள்ள இரண்டு குழாய்களைத் தவிர, மூன்றாவது சிறு குழாய் ஒன்றும் உண்டு. மோட்டாரின் உள்ளே கசியும் எண்ணெயை அழுத்தமில்லாமல் டேங்குக்குக் கொண்டுபோவது அது. அதற்கு வண்டியில் இணைப்பு இல்லாவிட்டால் மோட்டாரின் சீல் பிய்ந்துவிடும். வாடகைத் தலையை லாரியில் ஏற்றச் சொல்வதற்கு முன்பே இதைப் பார்த்து உறுதிசெய்துகொண்டோம். வண்டியின் முன்கண்ணாடியை எடுத்துவிட்டுத் பறந்துவரும் கட்டையைத் தாங்கும் தடித்த பாலிகார்பனேட் பிளாஸ்டிக் கதவும் போடப்பட்டது.

இயந்திரம் இறங்கும் முன் நிலம் முழுவதையும் நம் ஆட்கள் நடந்து பார்த்தார்கள். இதற்கு வந்த பெண்களுக்கும் பிள்ளைகளுக்கும் குழு கடமைப்பட்டிருக்கிறது. பாறைகளுக்குச் சுண்ணாம்பு, நிறுத்த வேண்டிய மரங்களுக்கு மஞ்சள் துணி, புற்றுக்குச் சுற்றிலும் கயிறு. வேம்பு, நாவல், இலுப்பை எதிலும் பல் படவில்லை. மலைப்பகுதிகளில் மரம் வெட்டுவதைக் கட்டுப்படுத்தும் 1955-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது என்பதைப் பிள்ளைகள் பலர் அன்றுதான் கேள்விப்பட்டார்கள். பழைய வேலியின் முள்கம்பியை உருவியெடுத்ததுதான் அந்த நடையில் பெரிய வேலை. கம்பி உருளையில் சுற்றிக்கொண்டால் பேரிங் வரை போய் இறுகும். வெட்டித்தான் எடுக்க வேண்டும். அவ்வளவு தேடியும் மண்ணுக்குள் புதைந்திருந்த ஒரு துண்டு சிக்கியது. ஓட்டுநர் இஞ்சினை நிறுத்தி, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, தலையைக் கட்டைமேல் இறக்கிவைத்த பிறகே கட்டிங் பிளேயரோடு கீழே குனிந்தார். துண்டு துண்டாக நறுக்கி எடுத்த கம்பியில் ஒரு புடவைக் கிழிசலும் சேர்ந்து முறுக்கியிருந்தது. வேண்டுதல் துணிகளைப் புதரில் எறிய வேண்டாம் என்று இதனால்தான் கேட்டுக்கொள்கிறோம்.

வேலை நேரத்தில் 90 மீட்டருக்குள் யாரையும் விடவில்லை. காலைப் பூசை முடிந்ததும் நடை சாத்தப்பட்டது. வெகுதூரம் வந்து திரும்பிப்போனவர்களின் கோபம் நியாயமானது. ஆனாலும் மறுபடி ஒரு பணி வந்தால் அப்படியேதான் செய்வோம். சிலைகளுக்கு மூங்கில் தட்டியும் தார்ப்பாயும் கட்டியிருந்தோம். சரிவில் வண்டி குறுக்கே ஓடவே இல்லை. ஏறக்குறைய ஒரு டன் எடையுள்ள தலை முன்னால் இருப்பதால், முகம் மேட்டைப் பார்க்க நேராக ஏறி, அப்படியே பின்னால் இறங்கியது. உலர்ந்த உண்ணி இலைத்தூள் ரேடியேட்டரை அடைத்து எண்ணெயைச் சூடாக்கியதால் அடிக்கடி நிறுத்திக் காற்றடித்துச் சுத்தம் செய்ய வேண்டியிருந்தது. வாடகை நேரம் கூடியதற்கு இதுவே முதற்காரணம். தண்ணீர் டேங்கர் பக்கத்திலேயே நின்றது. அதற்கு வேலை வரவில்லை.

அரை அடிக்கு மேல் தடித்த கருவேலத்தை மல்ச்சரிடம் கொடுக்காமல் இயந்திர ரம்பத்தால் அறுத்து, கரி சுடுபவர்களுக்கு விற்றோம். அந்தத் தொகை வரவில் தனி வரியாக இருக்கிறது.

பொங்கல் வைக்கும் திடலில் விழுந்த சில்லுகளை முழுவதும் வாரி ஓடைக்கரையில் பரப்பியாயிற்று. மற்ற இடங்களில் சில்லு மெத்தை கிடக்கிறது. அது மக்கும்வரை கற்பூரத்தையும் தீச்சட்டியையும் திடலுக்கு வெளியே கொண்டுபோகக் கூடாது.

இனி செய்ய வேண்டியது நம் கையில். மல்ச்சர் வேரைக் கொல்லாது. முதல் மழைக்கே துளிர் வரும். "வேரோடு பிடுங்கியிருந்தால் இந்தத் தொல்லை இல்லையே" என்பவர்கள் குளத்தின் வரத்துமுனையில் நின்று ஒரு மழையைப் பார்க்கட்டும். புதர் இல்லாத நிலத்தில் துளிரைத் தேடிப்பிடிப்பது எளிது. உண்ணித் தூரை மண்ணுக்கு இரண்டு விரல் கீழே கொத்தியால் வெட்டி, வேர் மேலாகக் கவிழ்த்துவைத்தால் மறுபடி தழைக்காது. சீமைக்கருவேலத் தூர் ஆழமானது. பாதையில் இருப்பவற்றை மட்டும் கடப்பாரையால் எடுப்போம். இந்த வேலைக்கு ஒவ்வொரு அமாவாசைக்கும் முறைவைத்துத் தலைக்கட்டுக்கு ஒருவர் வர வேண்டும். வர இயலாத வெளியூர்க் குடும்பங்கள் ஓர் ஆள் கூலியைக் குழுவிடம் கட்டிவிடலாம். முறைப்பட்டியல் கணக்குத்தாளின் பின்பக்கத்தில் இருக்கிறது.

வனத்துறைக் கல்லை ஒட்டிய மேல்சரிவு அப்படியே விடப்பட்டிருக்கிறது. அங்கே வண்டி ஏறக்கூடிய சரிவு இல்லை. ஆடிப் பூசைக் கூட்டத்தில் அதைக் கையால் திருத்துவதா, எல்லை ஓரத்துப் புதராகவே விட்டுவிடுவதா என்பதை முடிவுசெய்வோம். குழுவில் இதற்கு இரண்டு கருத்து இருக்கிறது. கூட்டத்தில் இரண்டும் பேசப்படும்.