கழுத்துப்பட்டையைப் படிக்க உதவியவர்களுக்கு

கூந்தன்குளம் ஊர்மக்களுக்கும், பறவைகள் சரணாலயக் காவலர்களுக்கும், கணக்கெடுப்பு நண்பர்களுக்கும் வணக்கம்.

இந்தப் பருவத்தில் நான் எடுத்தவற்றில் எல்லோரும் பாராட்டியது, கூழைக்கடா ஒன்று உதயசூரியனுக்குக் குறுக்கே பறக்கும் படத்தை. எனக்குப் பிடித்தது வேறொன்று. மங்கலான காலை வெளிச்சம். சேற்றில் ஒரு வரித்தலை வாத்து. பின்னால் பாதி எருமை. எந்தப் போட்டிக்கும் அனுப்ப முடியாது. ஆனால் அடையாளத்துக்காக ஆய்வாளர்கள் வாத்தின் கழுத்தில் மாட்டிய பட்டையின் எழுத்துகளையும் எண்களையும் தடுமாறாமல் படிக்கலாம். விவரத்தை அனுப்பினேன், மங்கோலியாவில் மாட்டிய பட்டை என்று பதில் வந்தது. இறகு உதிர்த்துப் பறக்க முடியாமல் இருக்கும் கோடையில் இந்த வாத்துகளைப் பிடித்துப் பட்டை மாட்டுவார்களாம். பிறகு அது இமயத்தைக் கடந்து நாங்குநேரி வட்டாரத்து நெல்வயலுக்கு வந்திருக்கிறது. முகம் தெரியாத அந்த மங்கோலிய ஆய்வாளர்களுக்கும் இந்த மடலில் பங்கு உண்டு.

படத்துக்கு முதல் உரிமையாளர் காவலர் அண்ணாச்சிதான். இந்த வாத்துகள் இரவெல்லாம் வயல்களில் மேய்ந்துவிட்டு விடியலில் குளத்துக்குத் திரும்பும். எந்தக் கரையில் இறங்கும், எவ்வளவு தொலைவில் உட்கார்ந்தால் மிரளாது என்பதெல்லாம் அவருக்கு மனப்பாடம். பட்டை போட்ட வாத்து ஒன்று திரிவதாகத் தொலைபேசியில் சொன்னவரும் அவரே. அவர் வெறுங்கண்ணால் கண்டதை நான் 600 மி.மீ. லென்ஸை வைத்துக்கொண்டு தேடினேன்.

அடுத்து, மொட்டைமாடியைத் திறந்துவிட்ட ஆச்சிக்கு. அவர் வீட்டு வேம்பில் மஞ்சள் மூக்கு நாரைகள் கூடு கட்டியிருக்கின்றன. மாடியில் நின்றால் கூடு கண் மட்டத்தில் இருக்கும். உச்சி வெயிலில் தாய்நாரை இறக்கையை விரித்துக் குஞ்சுகளுக்கு நிழல் கொடுத்து நின்றது. துணைப்பறவை வந்து மீனைக் கூட்டிலேயே கக்கியது. குஞ்சுகள் அடித்துப் பிடித்துத் தின்றன. மீன் நாற்றமும் எச்ச வாடையும் சேர்ந்து எனக்குக் குமட்டியது. ஆச்சியோ எச்சம் பட்ட சேலையைக் கொடியிலிருந்து எடுத்து மறுபடியும் அலசப் போட்டார், முகம் சுளிக்காமல். 1994இல் அரசு இதைச் சரணாலயமாக அறிவிக்கும் முன்பே பறவைகளுக்கு இடம் கொடுத்த ஊர் இது. பறவை வந்தால் மழையும் விளைச்சலும் வரும் என்று நம்புகிறார்கள். அவற்றுக்காக வெடி வெடிப்பதில்லை. எச்சம் ஊறிய குளத்து வண்டல் கோடையில் வயலுக்கு உரமாகிறது. ஆக, கணக்கு நேராகிவிடுகிறது என்பார் ஆச்சி.

தாமிரபரணி நீர்ப்பறவைகள் கணக்கெடுப்பை 2011 முதல் நடத்திவரும் மணிமுத்தாறு அகத்தியமலை மையத்தாருக்கும், என்னோடு குளம் குளமாக நடந்த இளைஞர்களுக்கும் நன்றி. படம் என்பது கணக்குக்கும் உதவும் என்று கற்பித்தவர்கள் அவர்கள்தான். ஒரு கூட்டம் எழும்பிப் பறக்கும்போது கண்ணால் எண்ணுவது குத்துமதிப்புதான். அதையே படமெடுத்துக் கணினியில் பெரிதாக்கினால், ஒவ்வொரு தலையிலும் புள்ளி வைத்து எண்ணலாம். ஊசிவால் வாத்துக் கூட்டம் என்று நினைத்ததன் ஓரத்தில் நீலச்சிறகிகளும், ஓரிரண்டு தட்டைவாயன்களும் என வேறு வகை வாத்துகள் ஒட்டிக்கொண்டிருப்பது அப்போதுதான் தெரியும். இரவு பதினொரு மணிக்கும் சலிக்காமல் அடையாளம் சொன்ன கல்லூரி மாணவியே, உன் கண்ணுக்குத் திருஷ்டி சுற்ற வேண்டும்.

லென்ஸில் பூஞ்சை படர்ந்தபோது கழற்றித் துடைத்துக் கொடுத்து, பாதிக் கூலி மட்டும் வாங்கிய திருநெல்வேலி கடைக்காரருக்கும், விடியுமுன் தேநீர் போட்டுத் தந்த மூலைக்கரைப்பட்டி அண்ணாச்சிக்கும், ஞாயிற்றுக்கிழமைகளை விட்டுக்கொடுத்த என் வீட்டாருக்கும் நன்றி. மணிமுத்தாற்றுத் தண்ணீரைக் குளத்துக்குக் காலத்தோடு திறந்துவிட்டவர்களை மறந்தால் பாவம். குளம் வறண்ட ஆண்டில் எந்தக் காமிராவாலும் பயனில்லை.

ஒரு சாராருக்கு மட்டும் நன்றி கிடையாது. பறக்கும் படம் வேண்டும் என்று கல்லெறிந்து கூட்டத்தைக் கலைப்பவர்கள், கூட்டருகே கிளையை ஒடித்து வெளிச்சம் தேடுபவர்கள். அவர்கள் காமிராவில் இருப்பதை நான் பறவைப் படமாகவே எண்ணுவதில்லை.

படங்களை வனத்துறையோ பள்ளிக்கூடமோ ஆய்வாளரோ கேட்டால் கட்டணமின்றித் தருகிறேன். கூட்டின் படங்களை மட்டும், குஞ்சுகள் பறந்துபோகும்வரை எங்கும் வெளியிடமாட்டேன். ஊராட்சிப் பள்ளிக்கு வாத்துப் படத்தின் பெரிய பிரதி தயாராகிறது, எருமையோடு சேர்த்துத்தான். ஆச்சி கேட்டது நாரைப் படமல்ல, தம் பேரனோடு மாடியில் நிற்கும் படம். அடுத்த வாரம் சட்டம் போட்டுக் கொண்டுவருகிறேன்.

அன்புடன்,
பாளையங்கோட்டையிலிருந்து உங்கள் படக்காரன்