தெர்மோஸ்டாட்டைக் கழற்றி வீச வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். வெயில் ஏறத் தொடங்கியதும், செட்டிநாட்டுப் பகுதியில் பழைய அம்பாசடர், பியட் கார்களை வைத்திருப்பவர்கள் வண்டி ஹீட் ஆகிறதென்று பட்டறைக்குப் போனால், பெரும்பாலும் முதலில் நடப்பது தெர்மோஸ்டாட்டைக் கழற்றி எறிவதுதான். "இதெல்லாம் குளிர்நாட்டுக்கு வைத்தது, நம்ம ஊர் வெயிலுக்குத் தேவையில்லை" என்ற விளக்கமும் கூடவே கிடைக்கும். இந்த வழக்கம் தவறானது என்பதைப் பட்டறிந்தவன் என்ற முறையில் இதை எழுதுகிறேன்.

தெர்மோஸ்டாட் என்பது, என்ஜின் ஹெட்டிலிருந்து ரேடியேட்டருக்குத் தண்ணீர் போகும் வாயில் உட்கார்ந்திருக்கும் சிறிய வால்வு. அதன் நடுவேயுள்ள குப்பியில் மெழுகு அடைக்கப்பட்டிருக்கும். என்ஜின் குளிர்ந்திருக்கும்போது ஸ்பிரிங் அந்த வால்வை மூடி வைத்திருப்பதால், வாட்டர் பம்ப் தள்ளும் தண்ணீர் ரேடியேட்டருக்குப் போகாமல் பைபாஸ் எனும் மாற்று வழியாக என்ஜினுக்குள்ளேயே சுற்றிச் சீக்கிரம் சூடேறுகிறது. வால்வில் பொறித்திருக்கும் வெப்பநிலையை, அதாவது பெரும்பாலும் 82 அல்லது 88 டிகிரி செல்சியஸை எட்டியதும் மெழுகு உருகிப் பருத்து ஊசியை அழுத்த, ஸ்பிரிங்கை மீறி வால்வு திறக்கத் தொடங்குகிறது. மேலும் பத்துப் பன்னிரண்டு டிகிரி ஏறினால் முழுவதும் திறந்துவிடும். அதன் பிறகு சூட்டைத் தணிப்பது ரேடியேட்டர், ஃபேன் ஆகியவற்றின் பொறுப்பு. எனவே 82 என்ற அந்த எண், ஓடும் என்ஜின் அதற்குக் கீழே குளிர்ந்துவிடக் கூடாது என்று வைத்த வரம்பு.

எங்கள் அப்பச்சி 1979இல் வாங்கிய 1489 சிசி பெட்ரோல் அம்பாசடர் இன்றும் எங்களிடம் இருக்கிறது. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பட்டறையில் அதன் தெர்மோஸ்டாட்டைக் கழற்றிவிட்டார்கள். அந்தக் கோடை ஒருவாறு கழிந்தது. மார்கழியில்தான் வினை தெரிந்தது. காலையில் பிள்ளையார்பட்டிக்குப் போய் வந்தால், வீடு திரும்பும்வரை வெப்பமானியின் முள் நடுவுக்கு வராது. குளிர்ந்த என்ஜினுக்குப் பெட்ரோல் விகிதத்தைக் கூட்டித் தரும் சோக்கை உள்ளே தள்ளினால் என்ஜின் நின்றுவிடும். ஒருநாள் ஆயில் குச்சியை உருவி முகர்ந்தபோது பெட்ரோல் வாடை அடித்தது. ஆயில் மூடியின் உட்புறம் மோர்க்குழம்பு நிறத்தில் பசை ஒட்டியிருந்தது. குளிர்ந்த என்ஜினில் பெட்ரோல் சரிவர ஆவியாகாமல் சிலிண்டர் சுவரிலுள்ள எண்ணெயைக் கழுவிக்கொண்டு கீழே இறங்குகிறது. எரியும்போது உண்டாகும் நீராவியும் வெளியேறாமல் ஆயிலிலேயே தங்குகிறது. பிஸ்டன் ரிங்கும் பேரிங்கும் தேய்வதற்கு வேறென்ன வேண்டும்?

சில என்ஜின்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவற்றின் தெர்மோஸ்டாட், ரேடியேட்டர் வழியைத் திறக்கும்போதே பைபாஸ் வழியை மூடும்படி அமைந்திருக்கும். அதைக் கழற்றிவிட்டால் பைபாஸ் எந்நேரமும் திறந்தே கிடக்கும்; சுடுதண்ணீரில் ஒரு பங்கு ரேடியேட்டரைப் பார்க்காமலே என்ஜினுக்குத் திரும்பும். சூட்டைக் குறைக்கச் செய்த வேலையே சூட்டைக் கூட்டிவிடும். (தண்ணீர் வேகமாக ஓடுவதால் ரேடியேட்டரில் ஆற நேரமில்லாமல் போகிறது என்று சிலர் காரணம் சொல்வது சரியன்று.)

மெக்கானிக்குகளின் அச்சத்துக்கு அடிப்படையே இல்லை என்று நான் சொல்லவில்லை. மெழுகுக் குப்பி கெட்டால் வால்வு மூடியபடியே நின்று, ஹெட்டுக்கு அடியிலுள்ள அடைப்புத் தகடான ஹெட் கேஸ்கெட் போகும் அளவுக்குச் சூடேறும். ஆனால் அது கெட்டதா இல்லையா என்று பார்ப்பது எளிது. ஒரு பாத்திரத்துத் தண்ணீரில் நூல் கட்டித் தொங்கவிட்டு, வெப்பமானியோடு அடுப்பில் வைத்தால் போதும். பிறகு வாங்கிய புதியதை எங்கள் அடுப்படியில் நான் பார்த்தபோது 80 வரை அசையாமல் கிடந்த தட்டு, 83இல் முடியளவு விலகி, 90ஐத் தாண்டியதும் கால் அங்குலத்துக்கு மேல் திறந்து நின்றது. திறக்காவிட்டால் புதியது மாற்ற வேண்டியதுதான். சில நூறு ரூபாய்ச் செலவு.

வண்டி சூடாவதன் மெய்யான காரணம், என் அனுபவத்தில், தண்ணீர். முன்பு ஊருணித் தண்ணீரையோ வளவில் பிடித்த மழைத் தண்ணீரையோ ரேடியேட்டருக்கு ஊற்றுவார்கள். இன்று கையில் கிடைக்கும் போர்வெல் தண்ணீரை ஊற்றுகிறோம். அதன் உப்பு ரேடியேட்டர் குழாய்களில் சுண்ணாம்பாகப் படிந்து வழியை அடைக்கிறது. எங்கள் வண்டியின் ரேடியேட்டரைப் பிரித்துக் கம்பி விட்டபோது, உதிர்ந்த வெள்ளைச் செதில்கள் ஒரு கொட்டாங்கச்சி நிறைய இருந்தன. ரேடியேட்டரைச் சுத்தம் செய்து, புதிய தெர்மோஸ்டாட் பொருத்தி, கனிமம் நீக்கிய தண்ணீரில் கூலன்ட் கலந்து ஊற்றிய பின், சித்திரை நடுப்பகலில் மதுரை வரை போய் வந்தும் முள் நடுவைத் தாண்டவில்லை.

பட்டறை வைத்திருப்பவர்களிடம் எனக்கு ஒரு வேண்டுகோள் உண்டு. கழற்றித்தான் ஆக வேண்டுமென்றால், அந்தப் பழைய வால்வை வீசிவிடாமல் வண்டிக்காரரிடமே கொடுத்துவிடுங்கள். எங்களுடையது குப்பைக்குப் போய்விட்டதால், 82ஆ 88ஆ என்று தெரியாமல், புதியது வாங்க நான் மூன்று முறை மதுரைக்கு அலைந்தேன்.

இப்படிக்கு,
வாசகர் ஒருவர்,
கானாடுகாத்தான்.