அடுத்தது யார் என்று கேட்டாயே

அன்புள்ள மகளுக்கு,

இங்கே எல்லாரும் நலம். அம்மாவுக்கு முழங்கால் வலி இப்போது தேவலை. மற்றதைத் தம்பி சொல்லியிருப்பான்.

"அமெரிக்கா சரிந்தால் அடுத்தது யாருப்பா, சீனாவா?" என்று கேட்டாய். நான் வாயைத் திறப்பதற்குள் வேறு போன் வருகிறது என்று வைத்துவிட்டாய். அதற்குப் பிறகு பேச்சே இல்லை. உன்னைப்போல் கேள்வி கேட்கிற பிள்ளை என் வகுப்பில் இருந்ததில்லை. பதில் கேட்கிற பொறுமைதான் உனக்கு எப்போதும் இல்லை. அதனால் எழுதுகிறேன்.

ஸ்பெயினைப் பார். 1545இல், தென் அமெரிக்காவில் அது பிடித்து வைத்திருந்த பொட்டோசி மலையில் வெள்ளி கிடைத்தது. கப்பல் கப்பலாக வந்து இறங்கியது. அப்படியிருந்தும் இரண்டாம் பிலிப் மன்னர் 1557, 1560, 1575, 1596 என நான்கு முறை கடன்காரர்களிடம் கையை விரித்தார். அடுத்த வருஷம் வரப்போகும் வெள்ளியைக் காட்டி இந்த வருஷப் போருக்குக் கடன் வாங்கினார். ஸ்பெயினின் செவில் துறைமுகத்தில் இறங்கும் வெள்ளியில் மன்னருக்குச் சேர வேண்டியதில் பெரும்பகுதி அதற்கு முன்பே ஜெனோவா வங்கியாளர்களுக்கு எழுதிக்கொடுத்ததாக இருந்தது. வெளியிலிருந்து பார்ப்பவர்களுக்கு அவர்தான் உலகத்திலேயே பெரிய பணக்காரர். பெரிய வருமானம் இருக்கிறதே என்று தைரியமாக இருந்துவிடாதே. வரப்போவதை நம்பிக் கையெழுத்துப் போடக்கூடாது, ராஜாவானாலும்.

பிரிட்டன் கதை வேறு மாதிரி. 1945இல் போரில் ஜெயித்து நின்றபோது அதன் கடன், நாட்டின் ஓராண்டு வருமானத்தைப்போல் இரண்டு மடங்குக்கும் மேல். மறு வருஷமே அமெரிக்காவிடம் 375 கோடி டாலர் கடன். 1956இல், எகிப்து தன்வசம் எடுத்துக்கொண்ட சூயஸ் கால்வாயைப் பிடிக்கப் போனார்கள். படை தோற்கவில்லை. பவுண்டின் மதிப்பு ஆட்டம் கண்டது, நெருக்கடியில் நாடுகளுக்குக் கடன் கொடுக்கும் பன்னாட்டு நிதியத்தின் (IMF) உதவி கிடைக்காமல் தடுப்போம் என்று அமெரிக்கா மிரட்டியது. சில நாட்களில் போரை நிறுத்திவிட்டுத் திரும்பினார்கள். அதற்குப் பிறகும் சூயசுக்குக் கிழக்கே இருந்த படைத்தளங்களை விட மனம் வரவில்லை. விலகுவதாக அறிவிக்க 1968 ஆனது. நம் பெரியப்பா கடைசி வரைக்கும் வாசலில் அந்தக் காரை நிறுத்தி வைத்திருந்தாரே, அப்படித்தான். அந்த வீட்டில் என்ன நடந்தது என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை.

ஆனால் ஒன்று. அந்த அமெரிக்கக் கடனின் கடைசித் தவணையை 2006இல் கட்டி முடித்தார்கள். 60 வருஷம். இடையில் சில வருஷம் தவணையைத் தள்ளி வைக்கச் சொல்லிக் கேட்டார்கள், பிறகு கட்டினார்கள். கேட்டதில் அவமானம் ஒன்றுமில்லை. இதை இரண்டு முறை படி.

அமெரிக்காவுக்கு வருகிறேன். 2024 நிதியாண்டில் அந்த அரசு வட்டிக்குக் கொடுத்தது, ராணுவத்துக்குச் செலவழித்ததைவிட அதிகம். ஸ்பெயின் பாடம் எடுத்தவனுக்கு இதைப் படித்தபோது திக்கென்றது. ஆனாலும் உலக மத்திய வங்கிகளின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பில் பாதிக்கு மேல் இன்னும் டாலர்தான். சோவியத் யூனியனைப்போல் சட்டென்று கலைந்துபோவது அபூர்வம். பெரும்பாலும் ஒரு தலைமுறை, இரண்டு தலைமுறை இழுக்கும்.

அடுத்தது யார்? எல்லாரும் பயந்துகொண்டிருந்தவன் அந்த இடத்துக்கு வந்ததில்லை, இதுதான் நான் கவனித்தது. ஸ்பெயின் பிரான்சையும் துருக்கியரையும் பார்த்துக்கொண்டிருந்தது. அதன் கீழேயே இருந்த டச்சுக்காரர்கள் கடல் வணிகத்தைப் பிடித்தார்கள். பிரிட்டன் ஜெர்மனியோடு இரண்டு முறை மோதியது. இடம் போனது தோழனான அமெரிக்காவுக்கு. சோழர்கள் தலைமுறை தலைமுறையாகச் சாளுக்கியரோடு மல்லுக்கட்டினார்கள். கடைசியில் எழுந்தது, அவர்களுக்கு அடங்கிக் கிடந்த பாண்டியர். 1980களில் அமெரிக்கர்கள் ஜப்பானைப் பார்த்து நடுங்கினார்கள், அது என்ன ஆயிற்று? சீனாவிலும் 2022 முதல் மக்கள்தொகை குறைகிறது. அதனால் சீனாதான் என்று நான் சொல்லமாட்டேன். ஒருவருமே முழுதாக அந்த இடத்தை நிரப்பாமல், அந்தந்தப் பக்கம் ஒரு பெரியவர், நாலைந்து நாணயங்களில் வியாபாரம் என்று நீண்ட காலம் போகலாம். 1279இல் சோழர் கதை முடிந்தது. பாண்டியர் நிலைப்பதற்குள், 1311இல் டெல்லி சுல்தானின் தளபதி மாலிக் காபூரின் படை மதுரைக்கு வந்துவிட்டது. இடைக்காலம் சாமானியருக்குக் கஷ்டமானது. அந்த நேரத்தில் கையில் கொஞ்சம் இருக்க வேண்டும், தலைக்கு மேல் எதுவும் இருக்கக்கூடாது. வரப்போவதை நம்பாதே என்று மறுபடியும் சொல்கிறேன். சம்பளம் ஏறும், வீட்டு விலை ஏறும் என்ற கணக்கெல்லாம் வேண்டாம்.

தம்பியிடம் கோபித்துக்கொள்ளாதே. அவனாகச் சொல்லவில்லை, முகத்தைப் பார்த்து நான்தான் துருவிக் கேட்டேன். எவ்வளவு, யாரிடம், என்ன வட்டி, மூன்றையும் ஒரு தாளில் எழுதிப் படம் எடுத்து எனக்கு அனுப்பு. குறைத்து எழுதாதே. அம்மாவிடம் இன்னும் சொல்லவில்லை.

அன்புடன்,
அப்பா