பிலோவின் அட்டைக்குள் இருந்த லூக்கா

அன்புள்ள சாமுவேல்,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. பதில் போடாததற்கு என் வலக்கண்தான் காரணம். புரை எடுத்தார்கள். மருத்துவர் சொன்னதைவிட இரண்டு மடங்கு கண்டிப்போடு மகள் புத்தக அலமாரியைப் பூட்டிச் சாவியை இடுப்பில் செருகிக்கொண்டாள். பேத்திதான் மாலையில் கொஞ்சம் கொஞ்சமாகப் படித்துக் காட்டினாள். ஒரிஜன் என்ற பழங்காலக் கிறிஸ்தவ அறிஞரின் பெயரைக் கடைசிவரை 'ஒரிஜினல்' என்றே படித்தாள். நானும் திருத்தவில்லை. இப்போது எழுத்துகள் அவ்வளவு கறுப்பாக இருக்கின்றன, புத்தகம் புதிதாக அச்சிட்டதுபோல.

நீ எழுதியிருந்த பிரசங்க விஷயத்துக்கு வருகிறேன். யோவான் தன் சுவிசேஷத்தின் முதல் வரிக்கு 'லோகோஸ்' (வார்த்தை) என்ற சொல்லைக் கிரேக்கத் தத்துவத்திலிருந்து எடுத்துக்கொண்டார் என்று போதகர் சொன்னாராமே. சொல் கிரேக்கம்தான். ஆனால் அது யோவானிடம் நேராக வரவில்லை. வழியில் ஒரு யூத வீட்டில் நெடுநாள் தங்கிவிட்டு வந்தது என்பதே என் எண்ணம்.

அந்த வீடு எகிப்தின் அலெக்சாந்திரியாவில் இருந்தது. அங்கே வாழ்ந்த யூதத் தத்துவ அறிஞர் பிலோ, இயேசுவுக்கு ஏறக்குறைய இருபது வயது மூத்தவர். பெரிய பணக்காரக் குடும்பம். எருசலேம் தேவாலயத்தின் ஒன்பது வாசல்களுக்குப் பொன்னும் வெள்ளியும் பூச அவருடைய சகோதரர் பணம் கொடுத்தார் என்று யூத வரலாற்றாசிரியர் யோசேபஸ் எழுதுகிறார். பிலோ கிரேக்கத்தில் படித்தார், கிரேக்கத்தில் எழுதினார், எபிரெய வேதத்தையும் கிரேக்க மொழிபெயர்ப்பிலேயே வாசித்தார். அந்த மொழிபெயர்ப்பு பிறந்த பாரோஸ் தீவில் ஆண்டுதோறும் திருவிழா நடந்தது என்றும், யூதரல்லாதவர்களும் கடல் தாண்டிப் போய்க் கடற்கரையில் கூடாரம் அடித்து விருந்துண்டார்கள் என்றும் அவரே சொல்கிறார். ஒரு மொழிபெயர்ப்புக்குத் திருவிழா! நம் ஊரில் மொழிபெயர்ப்பாளனுக்கு அட்டையில் பெயர் போட்டாலே பெரிய காரியம்.

உன் வீட்டுப் பழைய வேதாகமத்தில் 'ஆதியிலே வார்த்தை இருந்தது'. என் பக்கத்து வீட்டுக் கத்தோலிக்கக் குடும்பத்துப் புத்தகத்தில் 'தொடக்கத்தில் வாக்கு இருந்தது'. இரண்டும் சரி, இரண்டும் போதாது. லோகோஸ் என்றால் பேச்சு, கணக்கு, காரணம், ஒழுங்கு எல்லாம்தான். பிலோ அதற்கு ஓர் உவமை சொல்கிறார். நகரம் கட்டப்போகும் சிற்பி முதலில் தெருக்களையும் கோயில்களையும் துறைமுகத்தையும் மனத்துக்குள் கட்டி முடித்துவிடுகிறான். பிறகுதான் கல்லைத் தொடுகிறான். கடவுளுக்கு அந்த மனத்து நகரம் இருக்கும் இடம் லோகோஸ். இதில் கிரேக்கத் தத்துவஞானி பிளேட்டோ தெரிகிறார், மறுக்கவில்லை. ஆனால் 'உண்டாகக்கடவது' என்று சொன்னதும் உண்டாகிவிடுகிற ஆதியாகமமும் இருக்கிறது. படைப்பின்போது கடவுளின் அருகில் இருந்ததாக நீதிமொழிகள் எட்டாம் அதிகாரத்தில் பேசும் ஞானமும் இருக்கிறது. லோகோஸைத் தலைப்பேறு என்றும், கடவுளைப்போல் படைக்கப்படாததுமல்ல, நம்மைப்போல் படைக்கப்பட்டதுமல்ல, நடுவில் நிற்பது என்றும் பிலோ எழுதுகிறார்.

யோவான் பிலோவைப் படித்தார் என்று நான் சொல்லமாட்டேன். இருவரும் ஒரே கிணற்றில் நீர் இறைத்தார்கள், அவ்வளவுதான். புதிய ஏற்பாட்டில் எபிரெயர் நிருபத்தின் தொடக்கத்தைப் பார். குமாரன் மகிமையின் 'பிரகாசம்' என்கிற இடத்தில் உள்ள கிரேக்கச் சொல், 'சாலமோனின் ஞானம்' நூலில் ஞானத்தைப் பற்றி வரும் அதே சொல். உன் வேதாகமத்தில் அந்த நூல் கிடையாது. பக்கத்து வீட்டில் உண்டு, வாங்கிப் பார்த்தேன்.

இனி, என்னைத் தூங்கவிடாத விஷயம். கி.பி. 38ஆம் ஆண்டு அலெக்சாந்திரியாவில் யூதர்கள்மீது பெரும் கலவரம். வீடுகள் கொள்ளை போயின. தெருவில் மனிதர்களை எரித்தார்கள். முறையிடுவதற்காக பிலோ தலைமையில் ஒரு குழு ரோமுக்குப் போனது. பேரரசன் கலிகுலா உட்கார்ந்து கேட்கவே இல்லை. தன் மாளிகையின் அறை அறையாக நடக்கிறான், பணியாட்களுக்கு உத்தரவு போடுகிறான். வயதான பிலோவும் மற்றவர்களும் மாடியேறி இறங்கிப் பின்னாலேயே ஓடுகிறார்கள். நடுவில் சட்டென்று திரும்பி, "நீங்கள் ஏன் பன்றி இறைச்சி சாப்பிடுவதில்லை?" என்கிறான். சுற்றியிருந்தவர்களிடம் சிரிப்பு. பலர் ஆட்டுக்குட்டி இறைச்சிகூடச் சாப்பிடுவதில்லை என்று ஒருவர் பதில் சொல்ல, அது சுவையாக இல்லையே என்று அவனும் சிரித்தான். பிறகு ஜன்னல்களுக்கு என்ன கல் பதிப்பது என்ற பேச்சுக்குப் போய்விட்டான்.

இவன்தான் தன்னைக் கடவுளாக வணங்கச் சொன்னவன், எருசலேம் ஆலயத்தில் தன் சிலையை வைக்க ஆள் அனுப்பியவன். அவனைப் பற்றி எழுதும்போது பிலோ சொல்கிறார்: மனிதன் கடவுளாவதைவிடக் கடவுள் மனிதனாவது எளிது. நடக்கவே நடக்காத ஒன்றுக்கு உவமையாக, காக்கை வெள்ளையாவதுபோல என்று நாம் சொல்வதில்லையா, அப்படிச் சொன்னார். அதே ஆண்டுகளில் இயேசு என்ற கலிலேயரைப் பற்றிச் சில யூதர்கள் என்ன பேசிக்கொண்டிருந்தார்கள் என்று அவருக்குத் தெரிந்ததாக அவர் எழுத்தில் ஒரு தடயமும் இல்லை. பிறகு யோவான் வந்து 'அந்த வார்த்தை மாம்சமாகி' என்று எழுதுகிறார். முதல் வரி வரைக்கும் பிலோ தலையாட்டியிருப்பார். இந்த வரியில் எழுந்து போயிருப்பார்.

இன்னொன்றிலும் அவர் எழுந்து போயிருப்பார். வேதக் கதைகளுக்கு உட்பொருள் காண்பதில் அவருக்கு இணையில்லை: ஆபிரகாமின் அடிமைப்பெண் ஆகார் பள்ளிப் படிப்பு, மனைவி சாராள் ஞானம், முன்னவளிடம் இருந்துவிட்டுத்தான் பின்னவளிடம் பலன் பெற முடியும். பிற்காலத்துக் கிறிஸ்தவ ஆசிரியர் அலெக்சாந்திரியாவின் கிளமெந்து இதை அப்படியே எடுத்துக்கொண்டார். ஆனால் உட்பொருள் புரிந்துவிட்டதால் ஓய்வுநாளையும் விருத்தசேதனத்தையும் விட்டுவிடலாம் என்றவர்களை பிலோ கடிந்துகொள்கிறார். உயிர் குடியிருக்கும் வீடு என்பதற்காக உடலைப் பேணுகிறோம், சட்டத்தின் எழுத்தையும் அப்படிப் பேண வேண்டும் என்பது அவர் வாதம். உட்பொருளை வாங்கிக்கொண்ட கிறிஸ்தவ சபை அந்த வீட்டைக் காலி செய்துவிட்டது. பாவம், அவருடைய நூல்களைக் காப்பாற்றியதும் அதே சபைதான். யூத ரபிகள் அவரைக் குறிப்பிடவே இல்லை. பதினாறாம் நூற்றாண்டில் இத்தாலியில் அசரியா தெ ரோசி என்ற யூத அறிஞர் எழுதிய பிறகுதான் சொந்த மக்களிடம் திரும்பினார். அதற்குள் பிலோ ரோமில் பேதுருவைச் சந்தித்தார் என்ற கதைவரை போய்விட்டது.

கடைசியாக, பேத்திக்கு மிகவும் பிடித்தது. 1889இல் எகிப்தின் கொப்தோஸ் ஊரில் ஒரு பழைய வீட்டுச் சுவர் மாடத்துக்குள் மறைத்து வைத்திருந்த பாப்பிரஸ் (நாணல் தாள்) புத்தகம் ஒன்று கிடைத்தது. பிலோவின் இரண்டு நூல்கள். அட்டை கெட்டியாக இருக்க உள்ளே பழைய தாள்களைத் திணித்திருந்தார்கள். பிரித்துப் பார்த்தால் லூக்கா சுவிசேஷத்தின் ஏடுகள். இப்போது பாரிஸில் இருக்கின்றன. "அப்போ லூக்காவைக் கிழித்தா பிலோவுக்கு அட்டை போட்டாங்க?" என்று கேட்டாள். ஆமாம் என்றேன்.

போதகரிடம் இதைச் சொல்லிப் பார்த்து, அவர் முகம் எப்படிப் போயிற்று என்று எழுது. அடுத்த மாதம் இடக்கண்ணுக்கும் தேதி கொடுத்திருக்கிறார்கள், அதற்கு முன்னால் வந்துவிட்டுப் போ.

அன்புடன்,
சிதம்பரம்