மூன்று புள்ளிகள்

கோயம்புத்தூர்,
மார்கழி 6, 2025

அன்புள்ள சண்முகம்,

இங்கே அனைவரும் நலம். உனக்கு முழங்கால் அறுவை சிகிச்சை நல்லபடியாக முடிந்து, இப்போது கைத்தடி இல்லாமல் தெருமுனை வரை நடக்கிறாய் என்று தங்கவேலு சொன்னான். கேட்டதும் நிம்மதியாக இருந்தது. ஆனால் அந்தச் செய்தியை அவன் வாயிலிருந்து கேட்க நேர்ந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. செப்டம்பர் 7-ஆம் தேதி இரவு, இத்தாலியின் மோன்சாவில் ஃபார்முலா 1 கார்ப் பந்தயம் முடிந்த கையோடு நீ அழைத்தபோது, நீ பேசி முடிக்கும் முன்பே தொலைபேசியை வைத்துவிட்டேன். நாற்பது ஆண்டுப் பழக்கத்தில் உன்னிடம் அப்படி நடந்துகொண்டது அதுவே முதல் முறை. மன்னித்துவிடு. அங்கே மெக்லாரன் அணி தன் ஓட்டுநர்கள் இருவரையும் இடம் மாறச் சொன்னது சரி என்றாய் நீ, தவறு என்றேன் நான். அந்தக் கருத்தில் மட்டும் மாற்றம் இல்லை. அதைக் கோபமில்லாமல் முழுமையாகச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் இந்தக் கடிதத்தை எழுத உட்கார்ந்திருக்கிறேன்.

ஆண்டின் கடைசிப் பந்தயமான அபுதாபி முடிந்த இரவு எனக்கு உறக்கம் வரவில்லை. எழுந்து பட்டறைக் கணக்கு நோட்டின் கடைசிப் பக்கத்தில் எழுதிப் பார்த்தேன். லாண்டோ நாரிஸ் 423, மேக்ஸ் வெர்ஸ்டாப்பன் 421, ஆஸ்கர் பியாஸ்திரி 410. இரண்டே புள்ளியில் நாரிஸ் உலக சாம்பியன். 2008-இல் ஹாமில்டன் வென்றதற்குப் பிறகு மெக்லாரன் ஓட்டுநர் ஒருவருக்குக் கிடைத்த முதல் பட்டம். மோன்சாவில் அணி கேட்டுக்கொண்டதால் அதே மெக்லாரனின் பியாஸ்திரி விட்டுக்கொடுத்த இரண்டாம் இடம் நாரிஸுக்கு 18 புள்ளிகளைத் தந்தது. விட்டுக்கொடுத்திராவிட்டால் நாரிஸுக்கு மூன்றாம் இடத்துக்கான 15-தான். அந்த மூன்றைக் கழித்தால் நாரிஸ் 420, வெர்ஸ்டாப்பன் 421. எழுதிவிட்டு வெகுநேரம் அந்தப் பக்கத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன். நாம் இருவரும் சண்டை போட்டுக்கொண்ட அந்த மூன்று புள்ளியின் மீதுதான் ஓர் ஆண்டின் பட்டமே நின்றிருக்கிறது.

மோன்சாவில் நடந்தது உனக்கும் நினைவிருக்கும். ஆனாலும் நான் பார்த்த விதத்தைச் சொல்கிறேன். வெர்ஸ்டாப்பன் எட்ட முடியாத தூரத்தில் முன்னால் போய்விட்டார். நாரிஸ் இரண்டாவது, பியாஸ்திரி மூன்றாவது, அவருக்குப் பின்னால் ஃபெராரியில் லெக்லேர். புது டயர் போட்டவர் உடனே வேகமெடுத்து, பழைய டயரில் ஓடிக்கொண்டிருப்பவரைத் தாண்டிவிட முடியும் என்பதால், ஓர் அணியில் முன்னால் ஓடுபவரை முதலில் டயர் மாற்ற அழைப்பதுதான் முறை. லெக்லேரைப் பற்றிய கவலையில் மெக்லாரன் பியாஸ்திரியை முதலில் அழைக்க நினைத்தது. அதற்கு நாரிஸின் சம்மதத்தைக் கேட்டது. தன் இடம் இதனால் பறிபோகாது என்றால் சரி என்று அவரும் ஒப்புக்கொண்டார். 45-ஆம் சுற்றில் பியாஸ்திரி உள்ளே வந்தார், 1.9 விநாடியில் கிளம்பிப் போனார். அடுத்த சுற்றில் நாரிஸ் வந்தார், 5.9 விநாடி ஆயிற்று.

அந்தக் காட்சியைப் பத்து முறையாவது திரும்பப் பார்த்திருப்பேன். மற்றச் சக்கரங்களில் வேலை முடிந்துவிட்டது. முன் சக்கரம் ஒன்றில் மட்டும் முடியவில்லை. அங்கே குனிந்திருந்தவர் எழவில்லை. நட்டு மரையில் உட்காராமல் சுழலும்போது, அதை முடுக்கும் கன் வழியாகக் கைக்கு ஏறும் அதிர்வு எனக்குத் தெரியும். முப்பது ஆண்டுகளாக லாரிச் சக்கரங்களில் அதை உணர்ந்திருக்கிறேன். அந்த நேரத்தில் வேகமாகச் செய்ய நினைத்தால் இன்னும் கெடும். எடுத்து, மறுபடி நேராக வைத்து, முதலிலிருந்து தொடங்க வேண்டும். அவர் அதைத்தான் செய்தார். அதற்குள் நான்கு விநாடி போய்விட்டது. பியாஸ்திரி முன்னால் வந்துவிட்டார். டயர் மாற்றுவது தாமதமாவதும் பந்தயத்தின் ஒரு பகுதிதான் என்று நாம் முன்பே பேசி வைத்திருந்தோமே, இப்போது என்ன மாறிவிட்டது என்று, இடத்தைத் திருப்பிக் கொடுக்கச் சொன்ன அணியிடம் அவர் ரேடியோவில் கேட்டார். கேட்டுவிட்டு, விலகி வழியும் விட்டார். கேள்விக்கு நேரான பதிலை அவர் பெறவில்லை என்பதே என் குறை.

நீ அன்று சொன்ன வாதம் வலுவானது. அதை நான் மறுக்கவில்லை. வரிசையை மாற்றி அழைத்தது அணி. அதனால் வந்த இழப்பைச் சரிசெய்ய வேண்டியதும் அணி. மெக்லாரன் அணித் தலைவர் ஆண்ட்ரியா ஸ்டெல்லாவும் ஏறக்குறைய அதையேதான் விளக்கினார். நாரிஸின் சக்கரம் ஒழுங்காக ஏறியிருந்து, புது டயரின் வேகத்தால் மட்டும் பியாஸ்திரி முன்னால் வந்திருந்தால், இடத்தைத் திருப்பிக் கொடுப்பதே நியாயம் என்று நானும் சொல்லியிருப்பேன். ஆனால் பியாஸ்திரியை முன்னால் கொண்டுவந்தது அழைத்த வரிசை அன்று. அந்த ஒற்றை நட்டு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டுவதை என் மனம் ஒப்பவில்லை.

இன்னும் ஒன்று. மோன்சாவுக்கு முந்தைய வாரம் நெதர்லாந்தின் சாண்ட்வூர்ட்டில் நாரிஸ் இரண்டாவதாக ஓடிக்கொண்டிருந்தபோது 65-ஆம் சுற்றில் கார் நின்றுபோய், புல்மேட்டில் தனியாகப் போய் உட்கார்ந்தாரே, அதைப் பார்த்து நீயும் வருந்தினாய். அது அவருடைய தவறு அன்று, காரின் கோளாறு. 18 புள்ளிகள் போயின. அதை ஈடுகட்டப் பியாஸ்திரி எங்காவது ஒதுங்க வேண்டும் என்று யாரும் கேட்கவில்லை; கேட்டிருந்தால் உலகமே சிரித்திருக்கும். கார் நின்றுபோவது பந்தயத்தின் விதி என்றால், சக்கரம் ஏறாமல் போவது மட்டும் எப்படித் திருத்திக்கொள்ளக் கூடிய எழுத்துப் பிழை ஆகும்? சிங்கப்பூரில் முதல் சுற்றில் நாரிஸ் இடித்துக்கொண்டு முன்னேறியபோது, இது சரிதானா என்று பியாஸ்திரி கேட்டார். அப்போது இடம் மாற்றச் சொல்லி உத்தரவு வரவில்லை. கணக்கு ஒரு பக்கமாகவே சாய்ந்துகொண்டிருந்தால், எத்தனை நல்ல எண்ணத்தோடு செய்தாலும் ஓட்டுநரின் மனத்தில் அது தங்கிவிடும். மோன்சாவுக்கு அடுத்த பந்தயமான பாகுவில், அவ்வளவு நிதானமான மனிதர் முதல் சுற்றிலேயே சுவரில் மோதியதற்கு இதுதான் காரணம் என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்று எனக்கு நெஞ்சு கனத்தது.

2024-இல் ஹங்கேரியில் நாரிஸ் பியாஸ்திரிக்கு வழிவிட்டபோது கைதட்டினாயே என்று நீ கேட்டாய். கைதட்டினேன், இன்றும் தட்டுவேன். அங்கே முதல் வளைவிலேயே முந்தித் தலைமை ஏற்றவர் பியாஸ்திரி. அணி நாரிஸை 45-ஆம் சுற்றில் முதலில் அழைத்தது. பியாஸ்திரியை 47 வரை வெளியே வைத்திருந்தது. இருவருடைய சக்கரங்களும் ஒழுங்காகவே ஏறின. தலைமை கைமாறியதற்கு அணியின் முடிவைத் தவிர வேறு காரணமே இல்லை. நாரிஸ் விட மனமில்லாமல் சுற்றுக்குமேல் சுற்றாக ஓட்டியதும், பொறியாளர் கெஞ்சாத குறையாகப் பேசியதும், 70 சுற்றுப் பந்தயத்தில் 68-ஆம் சுற்றில் அவர் ஒதுங்கியதும் பார்க்கக் கடினமாக இருந்தன. ஆனாலும் திருப்பிக் கொடுத்தது அணி எடுத்த பொருளைத்தான். மோன்சாவில் திருப்பிக் கொடுத்தது, யாரும் எடுக்காத பொருளை.

இனி உன் ஷூமாக்கருக்கு வருகிறேன். வராமல் உனக்குக் கடிதம் எழுத முடியுமா? 2002 மே மாதம் ஆஸ்திரியாவில் நடந்ததை மணியண்ணன் கடையில் பார்த்தோம். முதல் சுற்றிலிருந்து முன்னால் ஓடிய, ஷூமாக்கரின் ஃபெராரி கூட்டாளி பாரிக்கெல்லோ, அணி உத்தரவுப்படி அவரை முந்தவிட, முடிவுக் கோட்டுக்குச் சில மீட்டர் தூரத்தில் ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தார். கூட்டம் ஊளையிட்டது. உன் சிவப்புத் தொப்பியைக் கழற்றி மேசை மேல் கவிழ்த்து வைத்தாய். அன்று மாலை முழுவதும் நீ அதைப் போடவில்லை. அணி உத்தரவை எப்போதும் ஆதரிக்கும் உனக்கே அன்று தாங்கவில்லை. ஏன் என்று நான் பலமுறை யோசித்திருக்கிறேன். அது 17 பந்தயங்களில் ஆறாவது. முதலிடத்துக்கு 10, இரண்டாமிடத்துக்கு 6 என்ற அந்தக் காலக் கணக்கில் கிடைத்தது நான்கு கூடுதல் புள்ளி. ஆண்டு முடிவில் ஷூமாக்கர் 144, பாரிக்கெல்லோ 77. ஜூலையிலேயே பட்டம் முடிவாகிவிட்டது. யாருக்கும் தேவைப்படாத நான்கு புள்ளிக்காக ஒரு மனிதனின் வெற்றியைப் பறித்தார்கள். அதன் விளைவாக 2003 முதல் அணி உத்தரவுக்கே தடை வந்தது. ஆனால் உத்தரவுகள் நிற்கவில்லை, சங்கேதமாக மாறின. 2010-இல் ஜெர்மனியின் ஹாக்கன்ஹைமில், முன்னால் ஓடிய ஃபெராரியின் மாஸாவிடம், அவருடைய கூட்டாளியைக் குறிப்பிட்டு, "அலோன்சோ உன்னைவிட வேகமாக ஓடுகிறார், புரிகிறதா" என்று கேட்டார்களே, அந்தக் குரலில் இருந்த வேதனையை மறக்க முடியாது. மாஸா தலையில் அடிபட்டுப் பிழைத்து அன்றோடு சரியாக ஓராண்டு. 2011-இல் தடையை நீக்கியது நல்லதே. மூடி மறைத்துச் செய்வதைவிட வெளிப்படையாகச் செய்யட்டும்.

அதனால், அணிக்காக விட்டுக்கொடுப்பதே தவறு என்று நான் சொல்வதாக எண்ணாதே. நீ அடிக்கடி எடுத்துக்காட்டும் பழைய ஃபெராரி ஓட்டுநர் பீட்டர் காலின்ஸை நானும் வணங்குகிறேன். 1956-இல் அதே மோன்சாவில், தனக்கும் பட்டம் கிடைக்க வாய்ப்பிருந்தும், தன் காரிலிருந்து இறங்கி அணிக் கூட்டாளி ஃபாஞ்சியோவை அதில் ஏற்றி அனுப்பியபோது அவருக்கு வயது 24. எனக்கு இன்னும் காலம் இருக்கிறது என்று நினைத்து விட்டுக்கொடுத்தவருக்கு, இரண்டே ஆண்டில் ஜெர்மனியின் நூர்பர்க்ரிங் பந்தயத்தில் உயிர் போயிற்று. ஆனால் அவர் கொடுத்தது தன் கையால் கொடுத்தது.

இப்போது என் கணக்கு நோட்டின் கடைசி வரிக்கு வருகிறேன். இதை நீயே கண்டுபிடித்து என்னை மடக்குவாய் என்பதால் முன்கூட்டியே சொல்லிவிடுகிறேன். அபுதாபியில் பியாஸ்திரி இரண்டாவது, நாரிஸ் மூன்றாவது. மோன்சாவில் இடம் மாறாமல் இருந்திருந்தால், நாரிஸுக்கு அபுதாபியில் அந்த மூன்று புள்ளி தேவைப்பட்டிருக்கும். பியாஸ்திரி அங்கே ஒதுங்கி வழிவிட்டிருந்தால் அதே 423, அதே 421. அணி அதைக் கேட்டிருக்கும். பட்டம் தனக்கு எட்டாது என்ற நிலையில் அவரும் செய்திருப்பார் என்றே நம்புகிறேன். நான் எழுந்து நின்று கைதட்டியிருப்பேன். இடம் மாறுவது ஒன்றேதான். ஆனால் அபுதாபியில் அது, பட்டம் எட்டாமல் போன ஒருவர் தன் கூட்டாளிக்குத் தெரிந்தே கொடுத்ததாக இருந்திருக்கும். மோன்சாவில் அவர் 34 புள்ளி முன்னிலையோடு பட்டத்துக்கு ஓடிக்கொண்டிருந்தார், அவரிடமிருந்து எடுத்துக்கொண்டார்கள்.

சண்முகம், இவ்வளவு எழுதிய பிறகு இதை எழுதாமல் விட முடியவில்லை. இருங்காட்டுக்கோட்டையில் உன் கடைசிப் பந்தயம். கியர் இணைப்பின் லாக் நட்டை நான் முழுதாக முடுக்காமல் விட்டேன். நீ முன்னணியில் இருந்தாய்; நான்காம் சுற்றில் கியர் விழாமல் தடுமாறி மூன்றாவது இடத்துக்கு வந்தாய். நம் அணியின் இன்னொரு கார் உனக்கு முன்னால் போயிற்று. முதலாளி சிலேட்டில் சாக்பீஸால் பெரிதாக எழுதிப் பிட் சுவரில் நீட்டினார். அந்தப் பையன் பார்த்துவிட்டு வேகம் குறைத்து, கையை வெளியே நீட்டி உன்னைப் போகச் சொன்னான். நீ போகவில்லை. அவன் பின்னாலேயே ஓட்டி மூன்றாவதாக வந்தாய். முதலாளி உன்னைத் திட்டியபோது நான் டயர் அடுக்குக்குப் பின்னால் நின்று அழுதுகொண்டிருந்தேன். நீ ஹெல்மெட்டைக் கூடக் கழற்றாமல் என்னிடம் வந்து, "மெக்கானிக் கை வழுக்குறதும் ரேஸ்தான்டா" என்றாய். நான் இந்தத் தொழிலை விடாமல் இருந்ததற்கு அந்த ஒரு வாக்கியம்தான் காரணம். மோன்சாவில் அந்தச் சக்கரத்தருகே குனிந்திருந்தவரைப் பார்த்தபோது எனக்கு வேறு எதுவும் நினைவுக்கு வரவில்லை. அதனால்தான் நீ, நீயே, அந்த இடமாற்றத்தைச் சரி என்று சொன்னபோது என்னால் தொடர்ந்து கேட்க முடியவில்லை.

வரும் ஆண்டின் முதல் பந்தயம் மார்ச் 8, மெல்பர்னில். பியாஸ்திரியின் சொந்த ஊர். நம் நேரத்துக்குக் காலையில் வரும் என்பதால் முதல் நாளே கிளம்பி வந்துவிடு. நீ மாடி ஏற வேண்டாம். தொலைக்காட்சியைக் கீழ் அறைக்கு மாற்றச் சொல்லிவிட்டேன். தயிர்சாதம் நம் வீட்டில். சோழவரம் பந்தயங்களுக்குக் கொண்டு வந்த அதே ஆவக்காய் ஊறுகாய் உன் பொறுப்பு. அந்த முதலாளி பட்டறையைக் காலி செய்தபோது அவருடைய சிலேட்டை நான் கேட்டு வாங்கி வந்தேன். மூலையில் கொஞ்சம் உடைந்திருக்கிறது. துடைத்து வைக்கிறேன்.

உன் பதிலுக்குக் காத்திருக்கும்,
ராஜேந்திரன்